இரண்டு கட்டத்திலும் என் பெயர்

தனக்கு நன்றாக மனு எழுத வரும் என்று நம்புகிற ஓர் ஆள் குடிவருவது எந்தத் தெருவுக்கும் நல்லதல்ல. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் செல்வியும் வில்லாபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் எழுத்தர் வேலை. 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்' என்று காலையில் தொடங்கினால், 'இது தங்கள் கவனத்துக்கு' என்று சாயங்காலம் முடிப்பேன். நடுவில் டீ. இப்படி நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துப் போடுவதற்காகவே எழுதிக்கொண்டிருந்ததில், சொந்தமாக ஒரு விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கை ஊறிக்கொண்டே இருந்தது. கதை எழுதலாம், கவிதை எழுதலாம். எனக்கு மனுதான் வந்தது.

விஷயம் ஒன்று கிடைக்கவேண்டுமே. கிடைத்தது. மாடு.

எங்களுக்குப் பால் ஊற்றுகிற முத்தையா அண்ணன் மூன்று மாடு வைத்திருந்தார். காலையில் கறந்து வீடு வீடாக ஊற்றிவிட்டு மாடுகளை அவிழ்த்துவிடுவார். அவை தெருவெல்லாம் சுற்றி, குப்பைத்தொட்டியில் கிடைத்ததைத் தின்று, சாயங்காலம் கறவை நேரத்துக்குத் தாமாகவே வீடு திரும்பிவிடும். (நேரம் தவறாமையில் அலுவலகத்தில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.)

ஒரு நாள் மாலை மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். கறுப்பு மாடு தெருவின் குறுக்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆரன் அடித்தேன். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அதுவரை என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை. மறுபடியும் அடித்தேன். வால் மட்டும் லேசாக அசைந்தது. சரி, ஓரமாகப் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினேன். ஓரத்தில் சாக்கடை இருந்தது.

எதிர்வீட்டு ரமாபாய் அக்கா வாசலில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றதும் வீட்டுக்குள் பார்த்துத் தங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்திருந்தால் வீடு மாறியிருப்பேன். ஆனால் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து என் மேல் ஊற்றிக் கழுவிவிட்டவரும் அவர்தான்.

அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் வந்தது. பொதுச் சுகாதாரம், குழந்தைகள், முதியோர், கொசு என்று எல்லாம் இருந்தது. சாக்கடையில் விழுந்தது நான் என்பது மட்டும் இல்லை. 'இருசக்கர வாகன ஓட்டிகள் பலர் நிலைகுலைந்து விழ நேரிடுகிறது' என்று எழுதினேன். ஒருவரைப் பலராக்கினால் எழுத்துக்கு எடை கூடும் என்பது தபால் பிரிவு கற்றுக்கொடுத்தது. கடைசிப் பத்திதான் என் பெருமை. 'எனவே, எங்கள் தெருவில் காணப்படும் எந்த மாடாயினும், அது யாருடையது என்று விசாரித்துக் காலம் கடத்தாமல், உடனடியாக அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.' இதைச் செல்வியிடம் மூன்று தரம் படித்துக் காட்டினேன்.

"முத்தையா அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொன்னா கட்டிப் போட்டுருவாரு. இதுக்கு எதுக்குங்க நாலு பக்கம்?" என்றாள்.

அவள் எழுமலைக்காரி. மாடுகளோடு வளர்ந்தவள். நகர வாழ்க்கையின் சட்ட நுணுக்கங்கள் அவளுக்குப் புரியாது என்று முடிவு செய்தேன். தவிரவும், பேசித் தீர்த்துக்கொண்டால் அந்த நாலு பக்கத்தை நான் என்ன செய்வது?

வார்டு அலுவலகத்தில் கொடுத்த மூன்றாம் நாள் சுகாதார ஆய்வாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். அருளானந்தம் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலிக்காரர் என்பது இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. தோளில் ஒரு ரெக்சின் பை.

"மனு நல்லா இருக்கு சார். ரெண்டு தடவ படிச்சேன்" என்றார்.

"நன்றி சார்."

"ரெண்டு தடவ படிச்சும் மாடு யாருதுன்னு தெரியல. அத மட்டும் எழுதாம விட்டுட்டீங்க."

முத்தையா அண்ணன் பெயரைச் சொன்னேன். குரல் தானாகத் தணிந்துகொண்டது.

"மாட்டத் தெருவுல விடக்கூடாதுன்னு விதி இருக்கு சார். வண்டியக் கொண்டாந்து ஏத்திட்டுப் போறதுக்கும் விதி இருக்கு. ஆனா நாங்க மொதல்ல நேர்ல சொல்லிப் பாப்போம். அப்பறம் நோட்டீஸ் குடுப்போம், அதுல நாள் குடுப்போம். அதுக்கும் கேக்கலன்னாத்தான் வண்டி. மாட்டப் பிடிச்சா நாலு நாள்ல திரும்பவும் தெருவுக்கு வந்துரும். மாட்டுக்காரருக்கு ஒரு வழி பண்ணுனாத்தான் வராது. வாங்க, ரெண்டு பேருமாப் போயி அவர்ட்ட பேசிட்டு வந்துருவோம்."

"நான் எதுக்கு சார்? மனு குடுத்தவர் பேரு வெளிய தெரியக்கூடாதுல்ல?"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கறுப்பு மாடு பார்த்த அதே பார்வை. பிறகு மனுவை எடுத்து, என் பெயர் இருந்த அடிப்பகுதியை மட்டும் உள்பக்கமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலை பால் ஊற்ற வந்த முத்தையா அண்ணன் ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒரு ஒத்தாச. நோட்டீஸ் வந்துருக்கு. யாரோ மனுப் போட்டுருக்காக. இன்ஸ்பெக்டரு காட்டுனாரு. என்னா எழுத்து தம்பி, முத்து முத்தா. நாலு பக்கம்."

"அப்படியாண்ணே" என்றேன். வெட்கம் ஒரு பக்கம், எழுத்தைப் பாராட்டிவிட்டாரே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். இரண்டில் எது முகத்தில் தெரிந்தது என்று தெரியவில்லை.

"பதில் எழுதிக் குடுக்கணுமாம். நீங்க ஆபீஸ்ல எழுதுறவுக. ஒரு நாலு வரி எழுதித் தாங்க."

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"கட்டுறதுக்கு எடமில்லன்னு எழுதுங்க. இந்தத் தெருவெல்லாம் முன்னாடி பொட்டலு. மாடு மேஞ்ச எடம். இப்ப வீடாகிருச்சு. அதுகளுக்குத் தெரியல, பழைய எடம்னு வந்து படுத்துக்கிருதுக. ஒரு பதினஞ்சு நாளு குடுத்தா எங்கயாச்சும் கொட்டக போட்டுருவேன்னு எழுதுங்க."

எழுதினேன். வேறு வழி? ஆனால் பேனாவைப் பிடித்தபின் நான் யார் பக்கம் என்பது எனக்கே மறந்துவிடும். 'மனுதாரர் உணர்ச்சி வேகத்தில் மிகைப்படுத்தியுள்ளார். பலர் விழுந்ததாகக் கூறும் அவர், ஒருவர் பெயரையேனும் குறிப்பிடவில்லை' என்று எழுதி, என் மனுவை நானே நார்நாராகக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் பதில்தான் மனுவைவிடச் சிறப்பாக வந்திருந்தது. செல்வி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அது ஆறுதலாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அருளானந்தம் பதினைந்து நாள் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் அவர் வெறும் அதிகாரி. டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசி, ரமாபாய் அக்கா வீட்டுக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமான ஒரு காலி மனை கிடப்பதைக் கண்டுபிடித்தார். அக்காவையும் முத்தையா அண்ணனையும் அங்கேயே நிற்கவைத்துப் பேசினார். சாணித் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது, தனியாகக் குழி வெட்டவேண்டும் என்றார். வாடகைக்குத் தினம் ஒரு செம்பு பால் என்றார் அக்கா. கொட்டகை எழும்பியது. மூன்று மாடும் அங்கே போய்ச் சேர்ந்தன. ஒருவர் குரலும் உயரவில்லை. ஒரு மாடும் வண்டி ஏறவில்லை.

இதில் என் பங்கு என்ன என்று யோசித்தால் சாக்கடையில் விழுந்தது மட்டும்தான். ஆனாலும் தெருவையே நான் திருத்திவிட்டதுபோல மொபெட்டை நடுத்தெருவில் ஓட்டினேன். "இனிமே தெருவுல மாடு நின்னா ஒரு போன் போடுங்க சார்" என்று அருளானந்தம் வார்டு அலுவலக நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை மனப்பாடம் செய்தேன். ரமாபாய் அக்காவிடம், "எந்த மாடு நின்னாலும் ஒடனே என் ஆபீசுக்குப் போன் பண்ணுங்கக்கா" என்று சொல்லியும் வைத்தேன்.

இந்த நேரத்தில் செல்விக்கு ஐந்து மாதம். எங்கள் வீட்டில் போன் இல்லை. அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் எழுமலையிலிருந்து ரமாபாய் அக்கா வீட்டுக்குப் பேசுவார். ஒரு ஞாயிறு என்னிடமும் பேசினார்.

"பாலு நல்லாக் கெடைக்குதா மாப்ள? அவ நெறையாக் குடிக்கணும்."

"எங்க மாமா, எல்லாம் தண்ணிப் பாலுதான்" என்றேன்.

இது பொய். முத்தையா அண்ணன் பாலில் தண்ணீர் கலந்து நான் பார்த்ததில்லை. மாமனாரிடம் பேசும்போது எதையாவது ஒன்றைக் குறை சொன்னால் பொறுப்பான மாப்பிள்ளையாகத் தெரிவோம் என்று ஓர் எண்ணம், அவ்வளவுதான். மாமா "ம்" என்றார். அவர் "ம்" என்றால் ஏதோ முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வயதில் எனக்கு அது தெரியாது.

நாலு நாள் கழித்து, பதினொரு மணி இருக்கும், அலுவலகத்துக்கு ரமாபாய் அக்காவின் போன் வந்தது.

"தம்பி, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வாரேன். நம்ம தெருவுல வேப்பமரத்துக்குக் கீழ கரண்ட் போஸ்ட்ல ஒரு மாடு கட்டிருக்கு. செவலை. முத்தையாவோடது இல்ல. யாருதுன்னே தெரியல."

"நான் பாத்துக்கிறேங்க்கா."

மனப்பாட நம்பரைச் சுழற்றினேன். எடுத்தவர், "அக்கம்பக்கத்துல விசாரிச்சீங்களா சார்? வெளியூர்லேருந்து யாராச்சும் வந்துருப்பாக" என்றார். நல்ல மனிதர். இன்றைக்கும் அவரை நினைத்தால் மனசு கேட்காது.

"என் மனுவுல கடைசிப் பத்தியப் படிச்சுப் பாருங்க சார். விசாரிக்கவே வேணாம்னு எழுதியிருக்கேன். தூக்குங்க" என்றேன். பிரிவில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் என் செலவில் டீ சொன்னேன்.

அங்கே நடந்ததைப் பிறகு பலர் வாயிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டேன். மாமா விடிகாலையில் எழுமலையில் பால் கறந்து முடித்ததும், தன் வீட்டிலேயே நல்ல கறவையான செவலைப் பசுவையும் அதன் ஒரு மாதக் கன்றையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். மகள் தண்ணிப் பால் குடிக்கலாமா? பத்து மணிக்கு எங்கள் வாசலில் இறங்கியிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் வெளிக்கதவைத் தன் உடம்பின் அளவுக்குக் கட்டிவைத்திருந்தார். அவர் ஒல்லி. கன்று நுழைந்துவிட்டது, பசுவின் வயிறு நுழையவில்லை. கன்றைக் கொல்லைப்புறத்தில் கட்டிவிட்டு, பசுவை வேப்பமரத்து நிழலில் கரண்ட் போஸ்ட்டில் கட்டிவிட்டு, மாமா குளித்துச் சாப்பிட உள்ளே போயிருக்கிறார். அப்பா வந்த சந்தோஷத்தில் செல்வி அடுப்படியில் இட்லியும் கறிக்குழம்புமாகப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வண்டி வந்தது. வந்தவர்கள், பாவம், நான் வேண்டாம் என்று சொல்லியும் விசாரித்திருக்கிறார்கள். ரமாபாய் அக்கா தெருவின் சார்பில், "இது எங்க தெரு மாடு இல்ல" என்று பொறுப்பாகச் சொல்லியிருக்கிறார். பசு முரண்டு பிடிக்கவே இல்லையாம். காலையில்தான் ஒரு வண்டியில் வந்தது. இன்னொரு வண்டி என்றதும் ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்து ஏறியிருக்கும்.

பன்னிரண்டு மணிக்குச் செல்வி போன் செய்தாள்.

"என்னங்க, அப்பா வந்துருக்காரு."

"அப்படியா. என்ன திடீர்னு?"

"எனக்காகக் கறவ மாடு கொண்டாந்துருக்காரு. நீங்க தண்ணிப் பாலுன்னு சொன்னீங்களாம்."

"நல்லதுதானே" என்றேன்.

"வேப்பமரத்துல கட்டிட்டுச் சாப்பிட வந்தாரு. வெளிய போய்ப் பாத்தா மாட்டக் காணோம்."

மேசை மேல் இருந்த காலி டீ டம்ளர்களைப் பார்த்தேன்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

"செவலையா?" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் கேட்கவே இல்லை. போனை வைத்துவிட்டாள்.

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. தெருமுனையிலேயே கன்று கத்துவது கேட்டது. கொல்லைப்புறத்தில் செல்வி அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட என்னைப் பார்த்துச் சிரித்தவள் அவள். நான் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்பாட்ட நான் எதுவும் சொல்லல. நீங்களே சொல்லிருங்க" என்றாள் மெதுவாக.

கன்றின் சத்தம் கேட்டுக் கொட்டகையிலிருந்து முத்தையா அண்ணனும் வந்திருந்தார். மாமா தோளில் துண்டோடு நின்றார். சொல்ல வாய் எடுத்தேன். "கார்ப்பரேசன் வண்டி வந்துருக்கும் போல மாமா" என்றுதான் வந்தது.

"அப்ப பவுண்டுலதான் இருக்கும்" என்றார் முத்தையா அண்ணன். தெருவில் பிடித்த மாடுகளை அடைத்துவைக்கிற இடத்துக்கு அதுதான் பெயர். "அஞ்சரைக்குப் பூட்டிருவாக. விட்டா நாளைக்குத்தான். விடியக் கறந்த மாடு. ராத்திரியெல்லாம் மடி கட்டிக் கெடந்துச்சுன்னா காம்பு வீங்கிப் போகும், அப்பறம் பாலே வத்திரும். கன்னுக்கும் ஒரு மாசந்தான் ஆகுது, தாயி இல்லாமத் தாங்காது. கெளம்புங்க."

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். எங்களைப் பார்த்ததும் பசு கம்பித் தடுப்பு வரைக்கும் வந்து மாமாவின் கையை நக்கியது. மடி பெருத்துக் காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்து இல்லாமல் விட முடியாது, ரவுண்ட்ஸ் முடித்து நாலரை மணிக்கு மேல்தான் வருவார் என்றார் அங்கிருந்த எழுத்தர். காத்திருந்தோம்.

அந்த ஒன்றரை மணி நேரமும் மாமா என்னைப் பற்றி முத்தையா அண்ணனிடம் பெருமையாகப் பேசினார். "எங்க மாப்ள ஆபீசுல எழுதுறவரு. சட்டதிட்டமெல்லாம் அத்துபடி. அவரு ஒரு வார்த்த பேசுனா விட்டுருவாக. இவரு கூட இருக்காருன்னுதான் நான் தைரியமா இருக்கேன்." முத்தையா அண்ணன், "ஆமா, தம்பி நல்லா எழுதுவாரு" என்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை எழுத்தெண்ணிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அருளானந்தம் வந்து சைக்கிளை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். எழுத்தர் பதிவேட்டை விரித்தார்.

"மாட்டுக்காரர் பேரு?"

"மாப்ள பேர எழுதுங்க" என்றார் மாமா. "பொண்ணுக்குன்னு குடுத்தாச்சு. இனி அது அவுக மாடு."

எழுத்தர் என் பெயரைக் கேட்டு எழுதினார். எழுதியதும் பேனா நின்றது. விரலை அதே வரியில் இடது பக்கமாக நகர்த்தினார். "இது புகார் குடுத்தவர் கட்டம். இதுலயும் இதே பேருதான் சார் இருக்கு. அதே இனிஷியலு. அதே தெரு."

மாமா சிரித்தார். "மாப்ள பேருல தெருவுல இன்னொருத்தரு இருக்காரு போல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை.

"இல்ல மாமா. நான்தான். நம்ம மாடுன்னு தெரியாது" என்றேன்.

அருளானந்தம் பையிலிருந்து மனுவை எடுத்தார். மாமா கை நீட்டி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே படிக்கத் தொடங்கினார்.

"மாமா, நேரமாகுது."

"இருங்க மாப்ள. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

படித்து முடித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இம்புட்டு எழுதுறதுக்கு நேரம் இருந்துருக்கு. யாரு மாடுன்னு கேக்குறதுக்குத்தான் நேரமில்லாமப் போச்சு" என்றார். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே கடுஞ்சொல் அது.

நான் முத்தையா அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே" என்றேன். மேற்கொண்டு வரவில்லை. மனு எழுதத்தான் எனக்கு வரும்.

"தெரியும் தம்பி" என்றார். "இன்ஸ்பெக்டரு பேர மடிச்சுட்டுத்தான் காட்டுனாரு. எழுத்த மடிக்க முடியுமா? மாசாமாசம் எம் பால் அட்டையில நீங்கதான எழுதுறீக, எனக்கு அந்தக் கையெழுத்துத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா பதில் எழுத எங்கிட்ட வந்தீங்க?"

"கொற சொன்னவருக்குத்தான கொற என்னான்னு நல்லாத் தெரியும். அதான் ஒங்ககிட்டயே வந்தேன். நல்லாத்தான் எழுதிக் குடுத்தீக. சரி, பேச்ச அப்பறம் வச்சுக்கிருவோம். மாடு தவிக்குது."

மணி ஐந்து தாண்டியிருந்தது. அருளானந்தம் சொன்னார், "அபராதத்தக் கட்டிட்டு, இனிமே தெருவுல கட்ட மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும் சார். எங்க கட்டுவீங்கன்னும் அதுல இருக்கணும். ஒங்க வீட்ல எடம் இருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். கடைசிப் பத்தியைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேனாவை மட்டும் நீட்டினார்.

"எங் கொட்டகையில இன்னொரு முளை அடிச்சாப் போதும்" என்றார் முத்தையா அண்ணன். "எழுதுங்க தம்பி. முத்தையா கொட்டகைன்னே எழுதுங்க."

எழுதினேன். மூன்றே வரி. ஒரு பெயரடை கிடையாது. அருளானந்தம் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவரைக்கும் நீங்க எழுதுனதுல இதுதான் சார் நல்லாருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது மாமா கயிற்றை என் கையில் கொடுத்தார். "புடிங்க மாப்ள. ஒங்க மாடு." வில்லாபுரம் கடைத்தெரு வழியாக, ஆபீஸ் பேண்ட்டும் சட்டைப் பையில் பேனாவுமாக, நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சரியாகச் சொன்னால், எங்கள் தெருமுனை வரைதான் நடந்தேன். கன்றின் குரல் கேட்டதும் பசு ஓடத் தொடங்கியது. கயிற்றை விடத் தெரியாமல் நானும் கூடவே ஓடினேன். ரமாபாய் அக்கா வாசலில் எழுந்து நின்று வீட்டுக்குள் பார்த்து ஏதோ சொன்னார். இந்த முறை எனக்கு மொழி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பசுவுக்கு இனி வேறு இடமில்லை என்று ஊகித்து, செல்வி கன்றைக் கொட்டகைக்கே கொண்டுவந்து நின்றிருந்தாள். அவிழ்த்துவிட்டதும் அது மடியில் முட்டிய முட்டில் பசுவே ஓர் அடி நகர்ந்தது. பிறகு கழுத்தை வளைத்துக் கன்றின் முதுகை நக்க ஆரம்பித்தது. செல்வி என் சட்டையில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அன்றைக்கு இன்னும் இரண்டு மாட்டோடு ஓடச் சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பேன்.

கன்று குடித்து முடித்ததும் மிச்சத்தை முத்தையா அண்ணன் கறந்தார். முதல் செம்பைச் செல்வியிடம் கொடுத்தார். அடுத்ததில் ஒரு டம்ளர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி. தண்ணி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வரும் வழியில் மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார்.

அந்தப் பசு நாலு வருடம் முத்தையா அண்ணன் கொட்டகையில்தான் இருந்தது. என் மகள் அதன் பாலில்தான் வளர்ந்தாள். தெருவில் யாருக்காவது தண்ணீர்க் குழாய், குப்பை, பக்கத்து வீட்டு மரக்கிளை என்று மனு எழுத வேண்டும் என்றால் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். "அவங்ககிட்டப் பேசிட்டீங்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதோடு திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேரை அப்போதெல்லாம் அருளானந்தத்திடம் அனுப்புவேன். அவர் ஓய்வு பெறும்வரை அதில் பெரும்பாலானவை டீக்கடையிலேயே முடிந்துவிட்டன.

மாமா எந்தக் கல்யாண வீட்டிலும் என்னை அறிமுகம் செய்ய ஒரு வாக்கியம்தான் வைத்திருக்கிறார். "எங்க மாப்ள. நான் குடுத்த மாட்ட ஒரு மணி நேரத்துல போன் போட்டுப் பிடிச்சுக் குடுத்தவரு." கேட்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை என் தோளில் போட்ட கையை அவர் எடுக்க மாட்டார்.

மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதிவரச் சொன்னார்கள். விடுமுறை முடிந்து எழுமலையிலிருந்து வந்திருந்த நேரம் அது. பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு என்று ஒழுங்காகத்தான் தொடங்கியிருந்தாள். கடைசி இரண்டு வரியை யார் சொல்லிக்கொடுத்தார் என்பதை இன்றுவரை தாத்தாவும் பேத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை.

'பசு நமக்குப் பால் தருகிறது. எங்கள் அப்பா அதற்கு மனு தந்தார்.'

டீச்சர் அந்த வரிக்கும் சிவப்பு மையில் 'சரி' போட்டிருந்தார்.